அப்பா இத்தனை வருடமும் நடித்தாரா?

மேடம், வணக்கம். என் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 63. மாணவர்களைக்கூட 'டா' போட்டுக் கூப்பிடாதவர். இப்போது அம்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார், மளிகைக் கடையில் காசு கொடுக்காமல் கடலை மிட்டாயை எடுத்து வந்துவிடுகிறார், பெரியப்பா இறந்த அன்று எல்லோரும் அழுதுகொண்டிருக்க சாப்பாடு எப்போது என்று கேட்டார். ஞாபக சக்தியில் குறையே இல்லை. ஸ்கேன் பார்த்துவிட்டு ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா, மூளையின் கட்டுப்பாடு போய்விட்டது என்றார்கள். அப்படியென்றால் உள்ளே இருந்தது இதுதானா? இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்தாரா? அம்மா அப்படி நினைத்துத்தான் அழுகிறார். எனக்கும் அவர்மேல் வெறுப்பு வருகிறது, பாவம் செய்கிறேனா?

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா நடிக்கவில்லை. அம்மாவிடம் இன்றைக்கே இதைச் சொல்லிவிடுங்கள்.

கட்டுப்பாடு விலகியதும் தெரிவதுதான் நிஜ முகம் என்று நம்மில் பலர் நம்புகிறோம், குடித்தவன் உளறினால்கூட மனதில் இருந்ததைக் கக்கிவிட்டான் என்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோபமும் ஆசையும் கெட்ட வார்த்தையும் யார் மனதில்தான் இல்லை, அதில் எதை வெளியே விடலாம், எது அடுத்தவரைப் புண்படுத்தும் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாரே, அந்த மனசு அவருடையது இல்லையா? அந்தத் தேர்வுக்கு வேண்டிய நெற்றிப்பக்க மூளையைத்தான் இந்த நோய் முதலில் தாக்குகிறது. இனிப்பைத் தேடிப் போவதும் இதன் அறிகுறிகளில் ஒன்றுதான்.

நினைவின் தொடர்ச்சிதான் ஒருவரை அதே ஆளாக வைத்திருக்கிறது என்றார் 17ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஜான் லாக். உங்கள் வீட்டிலோ நினைவு அப்படியே இருக்க, ஆள்தான் வேறாகத் தெரிகிறார். 2015இல் நினா ஸ்ட்ரோமிங்கர், ஷான் நிக்கோல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூளை நோயாளிகளின் குடும்பத்தாரிடம் கேட்டுப் பார்த்தார்கள். மறதியைவிட, இரக்கம், நேர்மை போன்ற குணங்கள் மாறும்போதுதான் 'இது நம்மவர் இல்லை' என்று அவர்களுக்கு அதிகம் தோன்றியிருக்கிறது, அல்சைமர் வந்த வீடுகளைவிட உங்கள் அப்பாவுக்கு வந்த இந்த நோய் இருந்த வீடுகளில் அது இன்னும் கூடுதல். உங்களுக்கும் அம்மாவுக்கும் தோன்றுவது அதேதான்.

வெறுப்பு வருவது பாவம் இல்லை. தன்னைத் தடுத்துக்கொள்ளும் திறன் இருந்தும் செய்பவரைத்தான் குற்றம் சொல்ல முடியும், அப்பாவுக்கு அது போய்விட்டது. ஆனாலும் திட்டு வாங்கிய அம்மாவுக்கு வலித்தது வலித்ததுதான், 'நோயாளிதானே, பொறுத்துக்கோ' என்று அவரை அடக்காதீர்கள்.

சரி, இனி செய்ய வேண்டியது. கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி முன்பணம் கொடுத்து வையுங்கள். பழைய அப்பாவிடம் கேட்க முடிந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார், அவர் பெயரில் ஒரு பைசா பாக்கி நிற்கக்கூடாது. ஏடிஎம் கார்டு, வீட்டுப் பத்திரம் எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும், இந்த நோயில் பணத்தைக் கண்டபடி இழப்பவர்கள் உண்டு. திட்டும்போது வாதாடாமல் பேச்சை மாற்றுங்கள். அப்புறம், வாரத்தில் ஓரிரு நாளாவது அப்பாவை நீங்களோ வேறு யாராவதோ பார்த்துக்கொண்டு அம்மாவை வெளியே அனுப்புங்கள். அம்மாவுக்குத் தூக்கமோ சாப்பாடோ குறைந்திருந்தால் அவரையும் டாக்டரிடம் காட்ட வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.