கழுத்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட்: மூளைக்குக் காவல் உண்டா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. போன வாரம் வலது கையிலிருந்த காபி டம்ளர் நழுவி விழுந்தது, பேச்சும் குழறியது, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்ததில் இடது கழுத்து ரத்தக்குழாயில் 80 சதவீத அடைப்பு, ஃபில்டர் போட்டு ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சியோ, 'அதை வைக்கும்போதே பக்கவாதம் வந்துரும்' என்கிறார். அம்மா பயந்துபோய் அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்.
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: தள்ளிப்போடாதீர்கள் என்று உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன். அப்பாவுக்கு வந்தது முன்னெச்சரிக்கை. பெரிய பக்கவாதம் வரும் வாய்ப்பு, இதற்கு அடுத்த இரண்டு வாரங்களில்தான் மிக அதிகம்.

அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். பலூனை விரித்து ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாயை அழுத்தும்போது அடைப்பிலிருந்து கொழுப்புத் துணுக்குகள் உதிரலாம், உதிர்ந்தால் நேரே மூளைக்குத்தான் போகும். அதைப் பிடிக்கத்தான் ஃபில்டர். தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியைக் கொண்டுபோய், அடைப்பைத் தாண்டி மூளைப் பக்கம் ஒரு சின்ன வலைப்பையை விரித்து வைப்பார்கள்; ரத்தம் ஓடும், துணுக்கு மாட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பையைச் சுருக்கி வெளியே எடுத்து உப்புநீரில் அலசினால், பல சமயம் மஞ்சள் மஞ்சளாகப் பொடி கிடக்கும்.

இதிலும் ஓட்டை உண்டு. வலைக்கண் சுமார் 0.1 மில்லிமீட்டர், அதைவிடப் பொடிசு நழுவிவிடும். அதோடு வலையை விரிக்கும் முன்பே கம்பி அடைப்பைக் கடந்தாக வேண்டும், அந்த நேரத்துக்குக் காவல் கிடையாது. அதனால் உதிரக்கூடிய அடைப்பாகத் தெரிந்தால் சிலருக்கு வேறு வழி: மடையை அடைத்துவிட்டு வாய்க்காலில் இறங்குவது போல, அடைப்புக்குக் கீழேயே பலூனால் ரத்த ஓட்டத்தைச் சில நிமிடம் நிறுத்தி, ஸ்டென்டை வைத்து, கலங்கிய ரத்தத்தைச் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்த பிறகே திறந்துவிடுவார்கள். அந்தச் சில நிமிடம் மற்ற ரத்தக்குழாய்கள் மூளைக்கு ஈடுகொடுக்க வேண்டும், எல்லாருக்கும் கொடுக்காது. அப்பாவுக்கு எது, ஏன் என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. வலது கையில் அமுக்கினால் கீச்சிடும் ரப்பர் பொம்மையைக் கொடுத்து, அடிக்கடி அமுக்கச் சொல்வதுண்டு. வலது கையை இயக்கும் இடது மூளை நன்றாக இருக்கிறதா என்று அந்தச் சத்தமே சொல்லிவிடும்.

வீட்டார் பார்க்க வேண்டிய காவல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாத்திரைகள் இரண்டையும் முன்கூட்டியே தொடங்கி, ஸ்டென்ட் வைத்த பிறகும் குறைந்தது ஒரு மாதம் தவறாமல் போட வேண்டும், அப்புறம் ஒரு மாத்திரை ஆயுசுக்கும். பல் பிடுங்கணும், கோயிலுக்குப் போகணும் என்று நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். ரத்த அழுத்தமும் ஏறக் கூடாது: குறைந்த ரத்தத்துக்குப் பழகிய மூளைக்குத் திடீரென்று முழு ஓட்டம் கிடைத்திருக்கும். முதல் சில வாரங்களில் கடுமையான தலைவலியோ வலிப்போ வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பீடி இருந்தால் அன்றோடு நிற்கட்டும். உங்கள் ஊர் அப்பளம் எனக்கும் பிடிக்கும், ஆனால் அதிலுள்ள உப்பு அப்பாவுக்கு ஆகாது.

கேள்வி: எங்க ஆச்சிக்கு 78 வயது, இதே அடைப்பு. ஸ்டென்டா, ஆபரேஷனா?
- வாசகர், தென்காசி

பதில்: ஆபரேஷன் என்றால் கழுத்தைத் திறந்து அடைப்பையே எடுத்துவிடுவது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 2,500 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்டில் 4.1 சதவீதம், ஆபரேஷனில் 2.3. மாரடைப்பு நேர்மாறாக 1.1, 2.3. எழுபதைத் தாண்டியவர்களுக்கு ஆபரேஷன் பக்கம்தான் தராசு சாய்ந்தது. வயதானவர்களின் ரத்தக்குழாய் வளைந்து நெளிந்து கிடப்பதால் கம்பி போகும் வழியிலேயே துணுக்கு உதிரலாம். ஆச்சியின் இதயம் தாங்குமென்றால் முதலில் ரத்தக்குழாய் அறுவை நிபுணரைப் பாருங்கள்.