ரீஃப் முடிச்சு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வாரக் கட்டுரையில், இரண்டு கயிறுகளை ரீஃப் முடிச்சால் (வலது முனையை இடதின்மேல், பிறகு இடதை வலதின்மேல் போட்டு இறுக்குவது) இணைக்கக் கூடாது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். நான் மண்டபம் பக்கம் சாரணர் ஆசிரியர். என்னிடமுள்ள மூன்று புத்தகங்களும் ‘ஒரே தடிமனுள்ள கயிறுகளை இணைக்க ரீஃப், வெவ்வேறு தடிமன் என்றால் ஷீட் பெண்ட்’ (ஒரு கயிற்றின் மடிப்புக்குள் மற்றதை நுழைத்துச் சுற்றிப் போடும் முடிச்சு) என்கின்றன. தேர்விலும் அதற்குத்தான் மதிப்பெண். மூன்றுமா தப்பு? கடலுக்குப் போகும் என் மாமனாரிடம் கேட்டேன். சிரித்தார், அவ்வளவுதான்.

ஆர்., மண்டபம்

அன்புள்ள ஆர்.,

மூன்று புத்தகங்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அநேகமாகக் கோடு பிசகாது. ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதினால் சாட்சி ஒன்றுதான்.

காற்று மிகும்போது பாய்மரப் படகின் பாயில் ஒரு பகுதியைச் சுருட்டிக் கட்டிப் பரப்பைக் குறைப்பதற்குப் பெயர் ரீஃப். அந்தக் கட்டு பாய்ச்சுருளை அணைத்து உட்காரும். சுருளின் அழுத்தமே அதைப் பிடித்து வைக்கும். காற்று தணிந்ததும் ஒரு முனையை வெடுக்கென்று இழுத்தால் அவிழ வேண்டும். அதற்காகவே போடுவது. பாயை விட்டுவிட்டு முடிச்சை மட்டும் புத்தகத்தில் ஏற்றினார்கள். சட்டென்று அவிழும் குணம் கூடவே வந்துவிட்டது.

வகுப்பில் செய்து பாருங்கள். சிவப்பு நைலான் கயிறு ஒன்று, பச்சை ஒன்று. ரீஃப் போட்டு இறுக்குங்கள். சிவப்பின் குட்டை முனையையும் அதே சிவப்பின் நீளப் பக்கத்தையும் பிடித்து எதிரெதிராக வெடுக்கென்று இழுங்கள். சிவப்பு நேராகிவிடும். பச்சை அதன்மேல் இரண்டு சுற்றாகத் தொங்கும். விரலால் தள்ளினால் மோதிரம் மாதிரி கழன்று வரும்.

1944-ல் வந்த தன் தடித்த முடிச்சு நூலில் கிளிஃபோர்ட் ஆஷ்லி, கயிறுகளை இணைக்க இதைப் போட்டதால் செத்தவர்களும் காயம்பட்டவர்களும், வேறு அரை டஜன் முடிச்சுகள் எல்லாம் சேர்ந்து கைவிட்டதால் ஆனவர்களைவிட அதிகம் என்று எழுதினார். கணக்கு எதுவும் காட்டவில்லை. பிறகு வந்தவர்கள் பலர் இந்த வரியையும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இதோ, நானும்.

ஷீட் பெண்ட் பற்றிய பாதியும் கோளாறுதான். வெவ்வேறு தடிமனுக்கு அது நல்லது, சரி. அதற்கு மட்டும்தான் என்று யார் சொன்னது? பாம்பன் கரையில் வலை ஊசியோடு உட்கார்ந்து கிழிந்த வலைக்கண்ணைச் சரிசெய்கிறவரின் கையைப் பாருங்கள். கண்ணுக்குக் கண் விழுவது அதே ஷீட் பெண்ட். நூலோ ஒரே நூல், ஒரே தடிமன். ‘ஒரே தடிமனுக்கு இது, வேறு தடிமனுக்கு அது’ என்ற ஜோடி மனப்பாடத்துக்குத் தோதாக இருக்கிறது; கேள்வித்தாளுக்கும் தோது. அதனால்தான் இத்தனை காலம் ஓடுகிறது என்பது என் ஊகம்.

முதலுதவிப் பாடத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முக்கோணக் கட்டுத்துணிக்கு ரீஃப்தான் சரி. தட்டையாகப் படியும், உறுத்தாது. ரோமானியர் காலத்திலேயே இதற்கு ஹெர்குலிஸ் முடிச்சு என்று பெயர். இப்படிக் கட்டினால் காயம் சீக்கிரம் ஆறும் என்று அந்தக் கால ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அதையும் நம்பிப் படியெடுத்தவர்கள் இருப்பார்கள்.

மாமனாரிடம் மறுபடி கேளுங்கள். நங்கூரக் கயிறு பற்றாதபோது இன்னொன்றை எப்படி முடிந்துகொள்வார்? வாயால் சொல்ல மாட்டார். இரண்டு துண்டுக் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். போட்டு முடித்ததும் படம் எடுத்து அனுப்புங்கள்.