பழசு என்பதா குற்றம்?

கேள்வி: 1968-இல் பனிமலையில் விழுந்த ஏ.என்.12 ராணுவ விமானம், 2016-இல் தாம்பரத்திலிருந்து கிளம்பிக் காணாமல் போன ஏ.என்.32 எல்லாமே ரஷ்யாவின் ஓட்டை உடைசல்கள்தானே? காயலான் கடைக்குப் போட வேண்டியதில் ஏன் இன்னும் ராணுவத்தினரை ஏற்றுகிறார்கள்? அரை நூற்றாண்டு கழித்து எலும்பைத் தேடிக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன லாபம்?
- வேலூர் வாசகர்

பதில்: உங்கள் கோபத்தின் பாதி நியாயம். மீதிப் பாதி போக வேண்டிய இடம் வேறு.

முதலில் ஒரு திருத்தம். ஏ.என்.32 உக்ரைனின் கீவ் நகரத்தில் கட்டப்பட்டது. நம் விமானப்படையின் தேவையை மனதில் வைத்தே வடிவமைத்தார்கள். வெயிலிலும் மலை உயரத்திலும் காற்று லேசாகிவிடும், எஞ்சின் திணறும். அதற்காகவே பெரிய எஞ்சின்களைப் பொருத்தி, அவற்றை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். 1984 முதல் நம்மிடம் இருக்கிறது. அருணாசலத்தின் மேச்சுகா போன்ற எல்லைப்புறக் குட்டை ஓடுதளங்களில் ஆளையும் சாமானையும் கொண்டுபோய் இறக்கியது இதுதான்.

பழசு என்பதால் மட்டும் விமானம் விழுந்துவிடாது. 2014 மார்ச்சில் குவாலியர் அருகே விழுந்து 5 பேர் இறந்த சி-130ஜே, நாம் வாங்கிச் சில ஆண்டுகளே ஆன விமானம். 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து 102 பேருடன் கிளம்பிய ஏ.என்.12, லே பக்கம் வானிலை மோசம் என்று பாதியில் திரும்பியது. இமாச்சலத்தின் ரோத்தங் கணவாய்க்குப் பக்கத்தில் தொடர்பு அறுந்தது. தாம்பரத்து விமானியும் எதிரே மேகக் கூட்டம், வலப்பக்கம் ஒதுங்கிப் போகிறேன் என்று அனுமதி கேட்டிருக்கிறார். சற்று நேரத்தில் அவருடைய விமானம் வங்காள விரிகுடாவுக்கு மேலே 23,000 அடியிலிருந்து மளமளவென்று இறங்கி ராடாரிலிருந்து மறைந்தது. அதில் 29 பேர்.

நான் கோபப்படுவது இதற்கு அடுத்து நடந்ததைப் பார்த்து. அந்த ஏ.என்.32-இல் இருந்த அவசர சமிக்ஞைக் கருவிகள் தண்ணீருக்கடியில் பயன்படாதவை. இதற்கென்றே கைக்குள் அடங்குகிற ஓர் உருளைக் கருவி உண்டு. தண்ணீர் பட்டதும் தானாக விழித்துக்கொண்டு, விநாடிக்கொரு முறை 'டிக் டிக்' என்று ஒலி விடும். சுமார் ஒரு மாதம் விட்டுக்கொண்டே இருக்கும். பயணிகள் விமானங்களில் சர்வ சாதாரணமாக இருப்பது. அது இருந்திருந்தாலும் அவ்வளவு ஆழத்தில் கண்டுபிடிப்பது லேசல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காது கொடுத்துக் கேட்க ஏதோ ஒன்று இருந்திருக்கும். வாரத்துக்கு வாரம் வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போர்ட் பிளேர் போய் வருகிற விமானத்துக்கு அதுகூடவா இல்லை? விமானத்தின் வயதைக் கேட்கிற நாம் இதை ஏன் கேட்காமல் விட்டோம்?

கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. பிறகு, யாரும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று குடும்பங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில் விடை வந்தது. கண்டுபிடித்தது பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். விமானம் கிளம்பிய தாம்பரத்துக்கு அங்கிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். ஆழ்கடல் ஆய்வுக்கென்று வைத்திருந்த, ஆள் இல்லாமல் தானே நீந்தும் கலத்தை இறக்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த சிதைவுகளைப் படம் எடுத்தார்கள். அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் விழுந்ததாகப் பதிவு இல்லை என்பதால் இதுதான் அது என்று முடிவானது.

லாபம் என்ன என்று கேட்டீர்களே. உடல் கிடைக்காத வீட்டில் காரியம் செய்வதா வேண்டாமா என்பதே ஒரு சண்டை. திதி எந்த நாள் என்று தெரியாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பார்கள். ஏ.என்.12 குடும்பங்கள் அப்படி 35 ஆண்டு இருந்தன. 2003-இல் இமாச்சலத்தின் லாகூல் மலையில் ஏறிய ஒரு குழுவினர் கண்ணில்தான் பனியாற்றில் கிடந்த விமானத் துண்டுகள் பட்டன. 2024 செப்டம்பர் கடைசியில் மேலும் நான்கு உடல்கள் கிடைத்தன. 56 ஆண்டு பனிக்குள் இருந்தும் உடலோடு இருந்த காகிதங்களை வைத்துப் பெயரைப் படிக்க முடிந்தது. கேரளத்துக்குப் போன உடலை வாங்க உடன்பிறந்தவர்கள் இருந்தார்கள். இன்னொருவரின் மனைவி அதற்குப் பல ஆண்டு முன்பே இறந்துவிட்டார்.

102 பேரில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் அந்தப் பனியில்தான் இருக்கிறார்கள். கோடையில் பனி இளகும்போது வீரர்கள் கயிறு கட்டி ஏறிப் போகிறார்கள். போகட்டும். அந்தச் செலவுக்கு நான் கணக்குக் கேட்க மாட்டேன்.