வாத்தியார் பதில்கள்: தலைப்பாகையோடு பறந்தவர்

கேள்வி: இரண்டாம் உலக யுத்தத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர் இங்கிலாந்தில் சண்டை விமானம் ஓட்டினார் என்று எங்கள் தாத்தா சொல்வார். யுத்த காலத்தில் தியத்தலாவை இராணுவ முகாமில் சமையல் வேலைக்குப் போனவர் தாத்தா. எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் யாரும் நம்புவதில்லை. இது உண்மையா? (வாசகர், ராகலை)

பதில்: தாத்தாவிடம் லயத்துக்காரர்கள் மன்னிப்புக் கேட்கட்டும். மஹிந்தர் சிங் புஜ்ஜி என்பது அந்த மனிதரின் பெயர். 1918 ஆகஸ்டில் சிம்லாவில் பிறந்த சீக்கியர். டெல்லியில் பொழுதுபோக்காக விமானம் ஓட்டக் கற்று உரிமம் வாங்கி வைத்திருந்தார். 1940இல் பிரிட்டிஷ் விமானப் படைக்கு விமானிகள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அதைப் பார்த்து விண்ணப்பித்துத் தானாகவே போனார். அந்தத் தொகுதியில் கப்பலேறிய இந்திய விமானிகள் 24 பேர். அவர்களிலும் சிலருக்குத்தான் சண்டை விமானம் கிடைத்தது.

ஆண்டுகொண்டிருந்தவனுக்காக ஏன் போனார் என்று உடனே அடுத்த கடிதம் வரும், எனக்குத் தெரியும். வயது 22, பறக்கும் ஆசை, கையில் உரிமம். அந்த வயதில் நான் நானுஓயா ஸ்டேஷனில் ரயில் எஞ்சினைப் பார்க்க நாலு மைல் நடந்தவன். ஆகவே அவரிடம் பெரிய கொள்கை விளக்கம் எதையும் நான் எதிர்பார்க்கவில்லை.

தலைப்பாகையைக் கழற்ற மாட்டேன் என்றார், அனுமதித்தார்கள். ரேடியோ கேட்கும் காதுக் கருவியைத் தலைப்பாகைக்கு மேலே பிடித்து வைக்கத் தனியாக ஒரு வார் செய்துகொண்டார். விமானத்துக்குள் மாற்றுத் தலைப்பாகை ஒன்றும் கூடவே போகும். சுட்டு வீழ்த்தப்பட்டு, உயிர் பிழைத்து, தலையில் துணியில்லாமல் எங்கேயாவது நிற்க நேர்ந்தால்? அதற்குத்தான்.

அவர் ஓட்டியது ஹரிகேன். ஒரே இருக்கை, இறக்கைகளில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள், உடலின் பின்பாதி துணி போர்த்திய சட்டம். ஆமாம், துணிதான். குண்டு துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். ஒட்டுப் போட்டு மறுபடி பறக்கலாம். ஒரு நாள் ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே அவருடைய விமானம் அடி வாங்கியது. பாரசூட்டில் குதித்துவிடு என்றார்கள். மனிதருக்கு நீந்தத் தெரியாது! கீழே கடல். தூரத்தில் டோவரின் வெள்ளைப் பாறைகள் தெரிந்தன. எப்படியாவது அதுவரை போய்விடலாம் என்று விமானத்தை இழுத்துக்கொண்டு வந்து கரையில் மோதினார். எரியத் தொடங்கிய விமானத்திலிருந்து அவரை வெளியே இழுத்தபோது தலைப்பாகை முழுவதும் இரத்தம். அந்த மடிப்புகள்தான் மண்டையைக் காப்பாற்றின என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஒரு வாரத்தில் மறுபடி விமானத்தில் ஏறிவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அறுக்காமல் இருக்கப் பழைய சேலைத் துண்டை நாலாக மடித்து வைப்பார். மழை நாளில் அது நனைந்து கனக்கும். பிழிந்துவிட்டு மறுபடி வைப்பாரே தவிர, துணியில்லாமல் கூடையைத் தூக்க மாட்டார்.

கேள்வி: 1942இல் ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்டபோது அவரும் இங்கே இருந்தாரா? (அதே வாசகரின் தம்பி)

பதில்: இல்லை. ஆனால் அவர் ஓட்டிய அதே வகை விமானங்கள் இருந்தன. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. இரத்மலானையிலிருந்தும், ஓடுபாதையாக்கிய கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிகேன்கள் கிளம்பின. அதற்கு முந்தின நாளே ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியவர் பெர்ச்சல் என்ற கனடிய விமானி. கொக்கலையிலிருந்து போன அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்தி அவரைச் சிறை பிடித்தார்கள். அந்தக் கலவரத்தில் கொழும்புப் பள்ளிக்கூடங்கள் மலை ஏறின. றோயல் கல்லூரியின் ஒரு பகுதி எங்கள் பண்டாரவளைக்கு வந்தது. புனித தோமஸ் கல்லூரியின் குருத்தலாவைக் கிளையும் அந்த ஆண்டில் பிறந்ததே.

கேள்வி: “பர்மாச் சண்டைதான் நமக்கு ரொட்டியைக் கொண்டு வந்தது” என்று பாட்டி திட்டுவார். அர்த்தம் என்ன? (வாசகி, பொகவந்தலாவை)

பதில்: பாட்டி சரித்திரம் படித்தவர்! இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும் பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அது நின்றது. அரிசி பங்கீட்டுக் கூப்பனுக்கு வந்தது. குறைந்ததைக் கோதுமை மாவால் நிரப்பினார்கள். காலையில் கல்லில் ரொட்டி தட்டி, தேங்காய்ச் சம்பலோடு மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் வழக்கம் அந்த மாவோடு நம் அடுப்பில் வேரூன்றியது.

புஜ்ஜியும் பிறகு அந்தப் பர்மாக் காடுகளின் மேலேதான் பறந்தார், இந்திய விமானப் படையில். எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று மரங்களை உரசுகிற உயரத்தில் பறந்து பார்த்துவரும் வேலை. 1945இல் வீரப் பறத்தலுக்கான சிலுவைப் பதக்கம் கிடைத்தது. யுத்தம் முடிந்ததும் காசநோய் பிடித்தது. ஆறு மாதம்தான் என்றார்களாம் வைத்தியர்கள். 2010 செப்டெம்பரில், 92 வயதில் காலமானார். கடைசிக் காலத்தில் வாழ்ந்த இங்கிலாந்தின் கிரேவ்சென்ட் நகரில் 2014இல் சிலை வைத்தார்கள், தலைப்பாகையோடு.

கேள்வி: என் மகன் விமானியாக வேண்டும் என்கிறான். என்ன படிக்க வைக்கலாம்? (தகப்பன், அட்டன்)

பதில்: உயர்தரத்தில் கணிதமும் பௌதிகமும். ஆங்கிலம். முடிந்தால் நீச்சலும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். என்னிடம் படித்த ஒரு பையன், கணக்கில் புலி. நேர்முகத் தேர்வு வரை போய், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியத் தெரியாமல் திரும்பி வந்தான். பதினெட்டு வயது வரை அது வீட்டில் யாருக்கும் தெரியாது. கொழுந்துக்கும் பழுத்த இலைக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று அவனை ஏசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.