விடுமுறைத் தூக்கமும் திங்கட்கிழமை எரிச்சலும்

கேள்வி: வேலை நாட்களில் இரவு 1 மணிக்குப் படுத்துக் காலை 6.30-க்கு எழுகிறேன். சனி, ஞாயிறுகளில் 2 மணிக்குப் படுத்து 11 மணி வரை தூங்கி ஈடுகட்டிவிடுகிறேன். ஆனாலும் திங்கள், செவ்வாய் காலைகளில் காரணமற்ற எரிச்சலும் மனச்சோர்வும் வாட்டுகின்றன, மாலையில் சரியாகிவிடுகிறது. ஏன்?

பதில்: தூக்கத்தின் அளவை ஓரளவு ஈடுகட்டுகிறீர்கள், அதன் நேரத்தைத்தான் கலைத்துவிடுகிறீர்கள். உங்கள் தூக்கத்தின் நடுப்புள்ளி வேலை நாட்களில் அதிகாலை 3.45, விடுமுறையில் 6.30. இந்த 2 மணி 45 நிமிட இடைவெளியை ஆய்வாளர்கள் 'சமூக ஜெட்லேக்' என்கிறார்கள்.

மூளையின் ஹைபோதலாமஸில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு தொகுப்புதான் உடலின் தலைமைக் கடிகாரம். அதன் சுற்று பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம் என்பதால், காலை வெளிச்சம் கண்வழியே புகுந்து அதை நாள்தோறும் முன்னுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு நாட்கள் அந்த வெளிச்சம் கிடைக்காமல் போய், பின்னிரவு வரை விளக்கும் கைபேசித் திரையும் எரியும்போது கடிகாரம் பின்தங்குகிறது. திங்கட்கிழமை அலாரம் அடிக்கும் வேளையில் தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் முழுதாக வடிந்திருக்காது, உடல் வெப்பமும் ஏறியிருக்காது. கனவுகள் மிகுந்த, உணர்ச்சிகளைச் சீராக்குவதில் பங்குள்ளதாகக் கருதப்படும் பின்னிரவுத் தூக்கமும் பாதியில் அறுபடுகிறது. எரிச்சலுக்கு இதுவே போதும்.

பலரும் செய்வதுபோல் ஞாயிறு இரவு 10 மணிக்கே படுத்துப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உடல் கடிகாரம் விழிப்பை மிகவும் தாங்கிப் பிடிக்கிறது. புரண்டு படுத்துக் கவலைப்படுவதுதான் மிஞ்சும். விழிக்கும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். விடுமுறையிலும் 7.30-க்குள் எழுந்து, முதல் ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரமாவது வெளியில் இருங்கள். வீட்டு விளக்கொளி பெரும்பாலும் சில நூறு லக்ஸைத் (ஒளியளவின் அலகு) தாண்டாது. மேகமூட்டமான பகலிலும் வெளியில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். களைப்பு மீறினால் பிற்பகல் 3 மணிக்கு முன் 20 நிமிடத் தூக்கம் போடலாம். படுக்கும் நேரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். ஐந்தரை மணி நேரத் தூக்கம் எப்படியும் போதாது. காபியின் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால் மாலைக் காபியையும் விட்டுவிடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: காலையில் கனத்து மாலையில் தணியும் மனநிலை மனச்சோர்வு நோயிலும் காணப்படுவதுண்டு. விடுமுறை நாட்களிலும் அது நீடித்து, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தற்கொலை எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். மிகக் குறைவாகத் தூங்கியும் அளவுமீறிய உற்சாகம் பொங்குமானால் அதுவும் மிகையுற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரிடம் செல்லும்போது, படுத்த நேரம், எழுந்த நேரம், அன்றைய மனநிலை ஆகியவற்றை இரண்டு வாரங்களுக்குக் குறித்து எடுத்துச் செல்வது நோயறிய உதவும்.