12 லட்சம் கடனைத் தள்ளிவையுங்கள்: மகளுக்குப் பரங்கிமலைக்கு வழி இருக்கிறது

திருப்பூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பி.காம். கடைசி வருடம். கல்லூரியில் என்.சி.சி., 'பி' சான்றிதழ் வாங்கியாகிவிட்டது, 'சி' தேர்வு வரப்போகிறது. ராணுவ அதிகாரி ஆகவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறாள். பெரியப்பாவும் மாமாவும் தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா எம்.பி.ஏ. பேசி வைத்திருக்கிறார்கள், 12 லட்சம். படித்து முடிப்பதற்குள் வரனும் பார்த்துவிடலாமாம். "பெண் பிள்ளை, அந்தப் பயிற்சியைத் தாங்குவாளா?" என்பது அப்பாவின் கவலை.

ஐயா, உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் முதலில் அந்த 12 லட்சத்தைப் பேசுவோம். 11 சதவீத வட்டிக்கு ஏழு வருடக் கடன் என்றால் மாதத் தவணையே 20,000 ரூபாயைத் தாண்டும். கேம்பஸ் வேலை சரியாக அமையாத கல்லூரியில் படித்த பெண்ணுக்கு முதல் சம்பளமே அந்த அளவில்தான் இருக்கும். பெரியப்பா தவணை கட்டப்போவதில்லை. அவளுக்கு விருப்பமில்லாத படிப்புக்கு இந்தக் கடனை வாங்காதீர்கள்.

என்.டி.ஏ., டேராடூன் என்று மற்ற ராணுவ அகாடமிகளைப் பற்றி ஊரே பேசும், அதை விடுங்கள். உங்கள் மகள் கையில் இருப்பது, பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போகும் என்.சி.சி. சிறப்பு நுழைவு. இதற்கு எழுத்துத் தேர்வே கிடையாது. பட்டப்படிப்பில் மொத்தம் 50 சதவீதம், 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு, வயது 19 முதல் 25, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. இவை இருந்தால் ராணுவத்தின் ஆள்சேர்ப்புத் தளத்தில் விண்ணப்பித்து, அழைப்பு வந்தால் நேரே எஸ்.எஸ்.பி. எனும் ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்காணல். 'சி' தேர்வில் தேறிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்து, கிரேடு 'சி' என்று வந்ததால் வாய்ப்பை இழக்கும் பிள்ளைகள் உண்டு. இப்போது அவள் உயிரைக் கொடுத்துப் படிக்க வேண்டியது அந்தத் தேர்வுக்குத்தான்.

இன்னொன்றை இன்றே பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும் பெயர், ஆதாரில் அப்பா பெயர் விரிந்து இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆவணச் சரிபார்ப்பில் திண்டாடுவது பெரும்பாலும் இதில்தான். பிறந்த தேதிக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். மற்ற ஆவணங்களை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். முதல் நாளே வடிகட்டல்: நுண்ணறிவுக் கேள்விகள், பிறகு மங்கலான ஒரு படத்தைப் பார்த்துக் கதை எழுதி, குழுவாக விவாதிக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை. வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே ஊருக்கு வண்டி ஏற வேண்டியதுதான். அடுத்து உளவியல் தேர்வு. ஒரு சொல்லுக்கு 15 விநாடி வீதம் 60 சொற்களுக்கு வாக்கியம் எழுத வேண்டும். பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் இங்கே காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் நேர்காணலிலும், மைதானத்தில் நடக்கும் குழுப் பணிகளிலும் தெரிகிற ஆளோடு அவை ஒத்துப்போகாது. ஆயிரக்கணக்கில் கோச்சிங் கட்டணம் கட்டாதீர்கள். தினமும் செய்தித்தாள், ஒரு தலைப்பில் மூன்று நிமிடம் நின்று பேசிப் பழகுவது, கயிறும் பலகையும் வைத்துத் தடை தாண்டும் என்.சி.சி. பயிற்சி, இவை போதும். முதல்முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தையும் திருப்பித் தருகிறார்கள்.

தேறினால் ராணுவ மருத்துவமனையில் உடல் பரிசோதனை. ரத்தசோகை, எடை, காதில் அழுக்கு, வளைந்த மூக்குத் தண்டு, தட்டைப் பாதம் எல்லாம் பார்ப்பார்கள். தற்காலிகமாகத் தகுதியில்லை என்றால் 42 நாட்களுக்குள் மேல்முறையீடு உண்டு. அதுவரை காத்திருக்காமல் ஹீமோகுளோபினை இப்போதே பரிசோதித்துவிடுங்கள்.

இனி பயிற்சி. சென்னை பரங்கிமலையில் 1963-இல் தொடங்கிய அகாடமி, 1992 முதல் பெண்களுக்கும் பயிற்சி தருகிறது. 49 வாரம், ஜூனியர், சீனியர் என்று இரண்டு டெர்ம். விடிவதற்கு முன்பே பி.டி., பிறகு டிரில், துப்பாக்கிப் பயிற்சி, வரைபடம் படித்தல், வகுப்பு, மாலை விளையாட்டு. ஒரு வகுப்பிலிருந்து அடுத்ததற்கு சைக்கிளில் அணியாகப் போக வேண்டும். ஒருவர் தாமதித்தால் மொத்த அணிக்கும் தண்டனை, 'ரகடா' என்பார்கள். "சென்னைதானே, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்று நினைக்காதீர்கள். டிரில் ஸ்கொயர் எனும் அணிவகுப்புத் தேர்வில் தேறும்வரை வெளியே விடமாட்டார்கள்.

தாங்குவாளா என்றால், தயாராகப் போனால் தாங்குவாள். பிள்ளைகள் அங்கே அதிகம் விழுவது கணுக்காலுக்கு மேல், முன்எலும்பில் வரும் விரிசலால். ஓடிப் பழகாத கால் திடீரென்று பூட்ஸ் மாட்டி, முதுகில் சுமையோடு தினமும் ஓடும்போது எலும்பு ஈடுகொடுக்காது. அப்படிக் காயம்பட்டாலும், உடற்தேர்வில் தவறினாலும் ஒரு டெர்ம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். ஆறு மாதம் போய்விடும். ஆகவே சேருவதற்கு ஆறு மாதம் முன்பே மண் தரையில் ஓட ஆரம்பிக்கட்டும், வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்ட வேண்டாம். 2.4 கிலோமீட்டரை 13 நிமிடத்தில் ஓடுவதும், 15 புஷ்அப், 2 புல்அப் எடுப்பதும் இலக்கு. புல்அப்புக்குத்தான் மாதக்கணக்கில் பழக வேண்டும். நீச்சல் தெரியாவிட்டால் இந்தக் கோடையிலேயே கற்றுக்கொடுங்கள்.

செலவு உங்களுக்கு இல்லை. பயிற்சியில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை, முடிவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை டிப்ளமா. சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் விலகினால் மட்டும் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். பயிற்சிக் காலத்தில் திருமணம் செய்தாலும் அதே கதி, வேலையும் போய்விடும். வரன் பார்க்கிறவர்களிடம் இதை இன்றே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

பணி பத்து வருடம், மேலும் நான்கு வருடம் நீட்டிக்கலாம். 2020-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெண்களும் நிரந்தரப் பணிக்குப் போட்டியிடலாம். பத்து வருடத்தில் வெளியே வந்தால் ஓய்வூதியம் கிடையாது. இதை அவளும் அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

இடங்கள் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். இந்த நுழைவில் பெண்களுக்குச் சமீப ஆண்டுகளில் ஒற்றை இலக்கம்தான். அதனால் யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். எனும் ராணுவ அதிகாரிகளுக்கான எழுத்துத் தேர்வையும் கூடவே எழுதட்டும்: பரங்கிமலைக்கு ஆங்கிலம், பொது அறிவு இரண்டே தாள், கணிதம் வேண்டாம், பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும், கண்ணை மூடிக்கொண்டு குறிக்க வேண்டாம். இதற்கு இரண்டு வருடம் கொடுங்கள். அதற்குள் அமையாவிட்டால், எம்.பி.ஏ.வா வேறொன்றா என்று அவளே சொல்லட்டும். அப்போதும் நுழைவுத் தேர்வு எழுதி, மதிப்பெண்ணில் கிடைக்கும் கல்லூரிக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.