சூரியன் உதிக்காத நாள்களில் இனுபியாட் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்களா?

போவார்கள். அலாஸ்காவின் வடகோடியில் இனுபியாட் என்னும் பூர்வகுடி மக்கள் வாழும் கடலோர ஊர் உத்கியாக்விக். அங்கே நவம்பர் 18 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி 23 வாக்கில்தான் மறுபடி தலைகாட்டும். இடைப்பட்ட சுமார் 65 நாள்களுக்குத் துருவ இரவு என்று பெயர்.

பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதுதான் காரணம். ஓர் ஆரஞ்சுப் பழத்தின் காம்பை விளக்குக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். எத்தனை சுற்று சுற்றினாலும் காம்பை ஒட்டிய இடத்தில் ஒளி விழாது. விளக்கைச் சூரியனாகவும் காம்பை வடதுருவமாகவும் நினைத்துக்கொண்டால், குளிர்காலத்தில் உத்கியாக்விக் இருப்பது அந்த இடத்தில்தான்.

பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போய் இருட்டிலேயே திரும்புவார்கள். சின்னஞ்சிறுசுகளுக்கு அது லேசான காரியமில்லை.

அப்புறம், இரண்டு மாதமும் கும்மிருட்டு என்று நினைக்க வேண்டாம். நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் தெற்கு வானம் வெளுத்து, விடியற்காலை போன்ற வெளிச்சம் வரும்.